கட்டிவிட்டு இழுங்கள்

அந்தப் பெண்கள் வார்டில் நாற்றம் அடிக்கிறது என்ற உண்மை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் மருத்துவமனையின் இயக்குநர். அதற்கு முன் மூன்று வாரமாக அங்கே படுத்திருந்த நோயாளிகளுக்கும், அவர்களைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர்களுக்கும், தரை துடைப்பவருக்கும்கூட மூக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அவையெல்லாம் அதிகாரம் இல்லாத மூக்குகள்.

மறுநாள் காலை தரச்சான்றுக் குழு வரப்போகிறது. அதை முன்னிட்டுத்தான் இயக்குநர் வார்டுக்குள் காலெடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவர் கையில் நோட்டு, ஒருவர் கையில் அவருடைய செல்போன், ஒருவர் கையில் ரோஜா வாசனை ஸ்ப்ரே. கடைசி இருவர் கையில் எதுவும் இல்லை. அவர்கள் தலையாட்டுவதற்காக வந்தவர்கள்.

"என்ன இது வாசனை?" என்றார் இயக்குநர்.

ஸ்ப்ரேக்காரர் உடனே இரண்டு தடவை அடித்தார். நாற்றத்தோடு ரோஜாவும் சேர்ந்துகொண்டது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சாக்கடை உடைந்த மாதிரி ஆயிற்று.

ஏழாம் படுக்கையில் இருந்த குழாய்க்காரி இதையெல்லாம் தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்க்காரி என்பது பட்டப்பெயர் இல்லை, தொழில். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போன இடத்தில், பிளம்பர் வராத ஒரு நாளில், "எத்தனை நேரம்தான் இந்தக் குழாயைப் பார்த்துக்கிட்டே நிக்கறது" என்று குழாய் முடுக்கும் ரிஞ்சைக் கையில் எடுத்தவள். இருபத்தாறு வருஷம் ஆகியும் அதைக் கீழே வைக்கவில்லை. ஊரில் பாதி வீட்டுச் சமையலறைத் தொட்டிகளின் அடிவயிறு அவளுக்கு மனப்பாடம்.

இப்போது அவளுடைய அடிவயிற்றுக்குள்ளேயே ஒரு குழாய் இருந்தது. பித்தப்பைக் கல்லை எடுக்கப்போன இடத்தில் பித்தநீர் போகும் பாதை அறுபட்டுச் சுருங்கிப்போனது. அதைச் சரிசெய்த பெரிய சர்ஜன், விலாவுக்குக் கீழே ஒரு துளை, தொப்புளுக்கு மேலே ஒரு துளை என்று இரண்டு வாசல் வைத்து, மெல்லிய குழாய் ஒன்றைக் கல்லீரல் வழியாகப் பித்தப் பாதைக்குள் விட்டு மறுபக்கம் வெளியே எடுத்திருந்தார். இரண்டு முனையும் வெளியே, வளைவு உள்ளே. ஏறக்குறைய ‘ப’ எழுத்தைப் போல. ஒரு முனையில் பை தொங்கும். மறுமுனைக்கு மூடி. காலையும் மாலையும் சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் எடுத்து உள்ளே விட வேண்டும். மெதுவாக விட வேண்டும். அடைத்தால் முட்டித் தள்ளக் கூடாது.

"இதை எனக்குச் சொல்லித் தர வேண்டாங்க. அடைச்ச பைப்புல பிரஷர் குடுத்தா ஜாயின்ட்ல பிய்ச்சுக்கும்" என்று முதல் நாளே அவள் சொல்ல, பெரிய சர்ஜன் சிரித்துவிட்டார். இருவருக்கும் அன்றிலிருந்து ஒத்துப்போயிற்று.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழாயை மாற்ற வேண்டும். மாற்றும் விதம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பழைய குழாயை வெறுமனே உருவுவதில்லை. அதன் ஒரு முனையில் புதுக் குழாயின் முனையை வைத்துத் தைத்துக் கட்டுவார்கள். பிறகு மறுமுனையைப் பிடித்து இழுத்தால், பழையது வெளியே வர வர, புதியது அதே தடத்தில் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். வயரிங் செய்பவர்கள் பைப்புக்குள் ஒயர் இழுக்கும் அதே வித்தைதான். கட்டாமல் உருவினால் என்ன ஆகும் என்று அவள் அப்போதே கேட்டிருந்தாள்.

"உள்ள இருக்கற தடம் சுருங்கிடும். திரும்பக் கண்டுபிடிக்கறது குதிரைக்கொம்பு. மறுபடி வயித்தைத் திறக்கணும். இன்னொரு தடவை திறந்தா உங்க உடம்பு தாங்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார் சர்ஜன்.

அவ்வளவுதான் விஷயம். மீதி எல்லாம் அலங்காரம்.

இப்போது சர்ஜன் தன் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார். குழாய் மாற்றும் நாள் வந்துவிட்டது. இரண்டு நாளாக உப்புத் தண்ணீர் உள்ளே போக முரண்டு பிடித்தது. இன்னும் தள்ளிப்போட்டால் அடைத்துக்கொண்டு காய்ச்சல் வரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து படுத்தாள். வார்டு வாசலைத் தாண்டும்போதே அவளுடைய மூக்கு நிமிர்ந்தது.

"சிஸ்டர், எங்கயோ சாக்கடைக் குழாயோட வளைவு, அந்த யூ பெண்டு, காஞ்சு கெடக்கு."

"மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன்மா" என்றார் வார்டுப் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டர். "முதல் தடவை எழுதினதுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினாங்க. ரெண்டாவது தடவைக்கு இன்னொண்ணு."

"மூணாவதுக்கு?"

"மூணாவது ஃபேன்."

ஒவ்வொரு விசிறி மாட்டியபோதும் நாற்றம் ஒரு படி ஏறியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விசிறி மாட்டியாயிற்று என்று நோட்டில் ஏறியதால் பிரச்சினை தீர்ந்தது என்று பொருள்.

இயக்குநர் ஒவ்வொரு படுக்கையாக மூக்கை நீட்டிக்கொண்டு வந்தார். ஏழாம் படுக்கையில் நின்றார். கட்டிலோரம் தொங்கிய பையில் பச்சையும் மஞ்சளுமாகப் பித்தநீர் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் காரணமாகிவிடும் என்று நம்பும் அறிவு அவருடையது.

"இதுதான்!" என்றார். தலையாட்டிகள் ஆட்டினார்கள். "இந்த டியூப்ல இன்ஃபெக்‌ஷன். அதான் வார்டே நாறுது. இன்னைக்கே எடுத்துடுங்க."

டியூட்டி டாக்டர் இளம்பெண். பெரிய சர்ஜனுக்குப் பக்கத்தில் நின்று போன தடவை குழாய் மாற்றியவள். "சார், அது யூ ஷேப் டியூப். இன்னைக்கு மாத்தறதா..." என்று ஆரம்பித்தாள்.

"மாத்தறதெல்லாம் வேண்டாம். எடுங்க. குழு போனதும் அடுத்த வாரம் வேற ஒண்ணு போட்டுக்கலாம். என்ன அவசரம்?"

"அய்யா" என்றாள் குழாய்க்காரி. "இது பஸ் சீட்டு இல்லீங்க, எழுந்து போயிட்டு வந்து திரும்ப உக்கார. எடுத்தா வழி மூடிடும்."

இயக்குநர் அவள் பக்கம் திரும்பாமல் அவளுக்குப் பதில் சொன்னார். அதற்கென்று ஒரு பயிற்சி உண்டு போலிருக்கிறது. "அம்மா, நான் முப்பது வருஷமா மருத்துவத்துல இருக்கேன்."

அவர் தோல் மருத்துவர். கடைசி பதினைந்து வருஷமாகத் தோலையும் பார்க்கவில்லை, கல்வெட்டுகளைத்தான் திறந்துவைத்துக்கொண்டிருந்தார்.

"நான் இருபத்தாறு வருஷமா சாக்கடையில இருக்கேன்" என்றாள் அவள். "பித்தம் நாறினா எப்படி நாறும், டிச்சு நாறினா எப்படி நாறும்னு எனக்குத் தெரியும். இது என்னுது இல்லீங்க. உங்களுது."

எட்டாம் படுக்கையில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து கிடந்த டீச்சர், போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டாள். போர்வை குலுங்கியது.

இயக்குநரின் காது சிவந்தது. "மூணு மணிக்குள்ள சம்மதக் கையெழுத்து வாங்கிடுங்க. போடலைன்னா, தானாகவே வெளியேறுகிறேன்னு எழுதி வாங்கிட்டு அனுப்பிடுங்க. குழு வரும்போது ஏழாம் படுக்கை காலியா, வெள்ளை விரிப்போட இருக்கணும்." ஸ்ப்ரேக்காரர் விடைபெறும் விதமாக இன்னொரு தடவை அடித்தார். ஊர்வலம் போயிற்று.

டியூட்டி டாக்டர் இரண்டு படிவங்களைக் கொண்டுவந்து படுக்கையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"நீங்க என்ன நினைக்கறீங்க டாக்டரம்மா?"

"கட்டித்தான் இழுக்கணும். சார் ஃபைல்லயே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார்."

"உங்களுக்குப் பண்ணத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இயக்குநரின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் குழாய்க்காரியின் கணவர் சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். ஆவணக் காப்பகத்தில் எழுத்தர். பேனாவை யாருக்காவது கொடுத்தால் மூடியைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் ஜாதி. வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார், ஏறுவது அவள்தான். கதையைக் கேட்டதும் கூடையைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டார்.

"போட்டுடேன்மா கையெழுத்தை. அவ்வளவு பெரிய மனுஷன் சொல்றார். நாம எதுக்கு..."

"உங்க வயித்துல இருக்கா குழாய்?"

"இல்ல."

"அப்ப கூடையைக் கீழ வெய்யுங்க."

வைத்தார்.

"இந்தாங்க, நாத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சா, அந்த மனுஷனுக்கு என் குழாயைத் தொட ஒரு சாக்கு இருக்காது. எனக்குக் குனிய முடியாது. நீங்கதான் கையும் காலும்."

"நானா?" அவர் குரலில் நிஜமான பயம். "யார்கிட்டயாவது பர்மிஷன்..."

"டீச்சர், உங்க கட்டுக்கு வெச்சிருக்கற காஸ் துணியில ஒரு முழம் கிழிச்சுக் குடுங்க."

டீச்சர் இதற்காகவே காத்திருந்தவளைப் போலக் கிழித்துக் கொடுத்தாள். கணவர் துணி நாடாவை இரண்டு விரலில் செத்த எலி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டைச் சுற்றினார். சன்னல் அருகே நாடா விசிறிப் பக்கம் சாய்ந்தது. கதவருகே உள்நோக்கிச் சாய்ந்தது. அதெல்லாம் இயல்பு. ஆனால் மூலையில் இருந்த ஒரு பெரிய விளம்பரப் பலகைக்குப் பக்கத்தில் போனதும், நாடா பலகையின் விளிம்பிலிருந்து வெளியே பறந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து ஊதுவதைப் போல.

"அங்கதான்" என்றாள் குழாய்க்காரி. "மூணு ஃபேனும் சேர்ந்து உறிஞ்சுது. ரூமுக்குள்ள காத்து போதலை. அது சாக்கடையிலேருந்து இழுத்துக் குடிக்குது. அந்தப் பலகைக்குப் பின்னால என்ன இருக்கு சிஸ்டர்?"

பெரிய சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "வாஷ்பேசின்."

வார்டு மொத்தமும் பலகையைப் பார்த்தது. ஆறடி உயரம். இயக்குநரின் ஆளுயரப் படம். அவர் குழாயடியில் கையை நீட்டி, நுரை ததும்பச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில்: "கை கழுவுவோம்! உயிர் காப்போம்!" இரண்டு மாதத்துக்கு முன்பு கைகழுவும் விழிப்புணர்வு இயக்கத்துக்காக, எல்லோர் கண்ணிலும் படும்படியான இடம் எது என்று தேடி, வார்டில் இருந்த ஒரே வாஷ்பேசினுக்கு முன்னால் அதை நிறுத்தி, சுவரோடு நான்கு திருகு போட்டு முடுக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து சிஸ்டர்கள் கை கழுவ வராந்தா முனைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

டீச்சர் இந்தத் தடவை போர்வைக்குள் போகவில்லை. வாய்விட்டே சிரித்தாள். "கட்டுப் பிரிஞ்சிடும் போல இருக்கே! அய்யோ!"

குழாய்க்காரி சிரிக்கவில்லை. அவள் மனசு பலகைக்குப் பின்னால் போய்விட்டது. வாஷ்பேசினுக்கு அடியில் குழாய் வளைந்து இறங்கி மறுபடி ஏறும். அந்த வளைவில் ஒரு குவளைத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று அதைத் தாண்டி வர முடியாது. சம்பளம் வாங்காமல், லீவு கேட்காமல், விருது எதிர்பார்க்காமல் உலகம் பூராவும் காவல் நிற்பது அந்த ஒரு குவளைத் தண்ணீர்தான். மேலேயிருந்து யாராவது குழாயைத் திறந்து அதற்குக் கொஞ்சம் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தால் போதும். இரண்டு மாதம் யாரும் திறக்கவில்லை. காவல்காரன் காய்ந்து செத்துப்போனான்.

"பலகையைக் கழட்டணும்."

"அதுக்குப் பராமரிப்புத் துறை, விளம்பரத் துறை, இயக்குநர் அலுவலகம் மூணும் கையெழுத்துப் போடணும்மா" என்றார் சிஸ்டர். "நாலு வாரம் ஆகும்."

"எனக்கு மூணு மணி வரைக்கும்தான் இருக்கு."

சிஸ்டர் மணியைப் பார்த்தார். ஒன்றே முக்கால். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நான் டீ குடிக்கப் போறேன். டீ இன்னைக்கு ரொம்பச் சூடா இருக்கும்னு நினைக்கறேன். இருபது நிமிஷம் ஆகும்." போய்விட்டார்.

குழாய்க்காரி தலையணைக்கடியிலிருந்து கைப்பையை எடுத்தாள். சீப்பு, மாத்திரை, வீட்டுச் சாவி எல்லாவற்றையும் ஒதுக்கி, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு திருப்புளியை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கும்மா இதைக் கொண்டுவந்தே?"

"நீங்க எதுக்குச் சட்டைப் பையில ரெண்டு பேனா வெச்சிருக்கீங்க?"

அவர் திருப்புளியை வாங்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றார். இயக்குநர் நுரைக்கைகளோடு அவரைப் பார்த்துச் சிரித்தார். முப்பது வருஷமாக மேலதிகாரிகளின் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து எழுதியவர் அவர். கால் நகரவில்லை.

"என்னங்க."

திரும்பிப் பார்த்தார். அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்திருப்பார். அவள் திட்டவில்லை. வயிற்றின் மீது கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை வயித்தைக் கிழிச்சா நான் எந்திரிக்க மாட்டேங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இருபத்தி நாலு வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் பயந்து பேசியது அது ஒரு தடவைதான்.

அவர் முதல் திருகில் திருப்புளியை வைத்தார்.

"இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். நீங்க இறுக்கறீங்க."

"சரி சரி."

"அழுத்திக்கிட்டே திருப்புங்க. கையெழுத்துப் போடற மாதிரி தடவாதீங்க."

நான்காம் திருகு விழுந்தபோது பலகை சாய்ந்தது. டியூட்டி டாக்டர் எங்கிருந்தோ ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தாள். எப்போதிலிருந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. இருவருமாகப் பலகையைத் தூக்கிப் பக்கத்துச் சுவரில் சாய்த்தார்கள். அவசரத்தில் படத்து இயக்குநர் சுவரைப் பார்த்து நின்றார்.

வாஷ்பேசின் தூசியும் ஒட்டடையுமாக இருந்தது. அதன் துளையிலிருந்து வந்த காற்றுக்கு டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டாள். குழாயைத் திருகினால் வரவில்லை. அடியில் இருந்த வால்வை அடைத்து வைத்திருந்தார்கள். குழாய்க்காரி படுக்கையிலிருந்தே வழி சொன்னாள். வால்வைத் திறக்க, முதலில் செம்மண் நிறத்தில் ஒரு இருமல், பிறகு சிவப்பாக ஒரு வழிசல், பிறகு தண்ணீர்.

"ஓடட்டும். எண்ணி முப்பது வரைக்கும் ஓடட்டும். அப்புறம் மூடிட்டு, கீழ அந்த வளைவைத் தொட்டுப் பாருங்க. சொட்டுதா?"

கணவர் மண்டியிட்டு வளைவைத் தடவினார். "இல்ல. சில்லுனு இருக்கு."

"அதான். தண்ணி நிக்குது. இப்ப ரெண்டு ஃபேனை நிறுத்துங்க. ஒண்ணு போதும்."

மறுபடி நாடாவைப் பிடித்தார்கள். அது பேசாமல் நேராகத் தொங்கியது. கால் மணியில் வார்டில் ரோஜா வாசனை மட்டும் மிச்சம். அரை மணியில் அதுவும் போய், வெறும் ஆஸ்பத்திரி வாசனை வந்தது. டீச்சர் நெஞ்சு நிறைய இழுத்து, "டெட்டால்! என்ன சுகம்!" என்றாள்.

கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி நின்றுகொண்டிருந்தார். முழங்கால் ஈரம். முகத்தில் ஒரு புது வெளிச்சம். படுக்கையில் கிடந்த இரண்டு படிவங்களை எடுத்தார், படித்தார், மறுபடி படித்தார். திருகைத் திருப்பத் தெரியாதவருக்குப் படிவம் படிக்கத் தெரியும்.

"இதுல கையெழுத்துக்கு மேல நாலு வரி காலியா விட்டிருக்காங்க" என்றார் மெதுவாக. "காலி இடம் நம்மளோடதும்மா. அதுல நாம எதை வேணாலும் எழுதலாம். எழுதினதுக்குக் கீழதான் கையெழுத்து நிக்கும்." அதன் பிறகு பேனாவைத் திறந்து கால் மணி நேரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெறுங்காகிதம் ஒன்றையும் டாக்டரிடம் கேட்டு வாங்கி எழுதினார்.

மூன்று மணிக்கு இயக்குநர் வந்தார். வாசலில் நின்று ஆழமாக மூச்சிழுத்தார். நாற்றம் இல்லை. முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? ஸ்ப்ரே வேலை செஞ்சிருக்கு!" என்றார். தலையாட்டிகள் ஆட்டினார்கள். ஸ்ப்ரேக்காரர் அடக்கத்தோடு புன்னகைத்தார்.

பிறகுதான் மூலையைப் பார்த்தார். கழுவித் துடைத்த வாஷ்பேசின் பளபளத்தது. அவருடைய ஆளுயரப் படம், தண்டனை பெற்ற பையனைப் போலச் சுவரைப் பார்த்து நின்றது.

"யார் இதைக் கழட்டினது?"

 டீ குடித்துத் திரும்பிய சிஸ்டர் யாரோ ஒரு நோயாளியின் அட்டையை உன்னிப்பாகப் படித்தார்.

"நான்தாங்க" என்றார் கணவர்.  திருப்புளியைக் கையிலேயே வைத்திருந்தார். "உள்ள தண்ணி காஞ்சிருந்துச்சு. அதான் நாத்தம். தண்ணி ஊத்தினோம், போயிடுச்சு."

"நீங்க யாரு?"

"ஏழாம் நம்பரோட வீட்டுக்காரருங்க."

ஒரு கணம் எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

"அது வேற விஷயம்" என்றார். "டியூபை எடுக்கச் சொன்னது சொன்னதுதான். உத்தரவு போட்டாச்சு. கையெழுத்து வாங்கியாச்சா?"

"போட்டாச்சுங்க" என்றாள் குழாய்க்காரி. சம்மதப் படிவத்தை நீட்டினாள்.

இயக்குநர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். குண்டு குண்டான, அழகான எழுத்தர் கையெழுத்து: "பழைய குழாயின் முனையில் புதிய குழாயைத் தைத்துக் கட்டி, அந்தக் கட்டை இழுத்துச் சோதித்த பின்னரே பழைய குழாயை வெளியே எடுக்க இதன் மூலம் சம்மதிக்கிறேன். இம்முறை தவிர வேறு எம்முறைக்கும் சம்மதம் இல்லை." கீழே அவளுடைய கோணல் கையெழுத்து.

"இதெல்லாம் நீங்க எழுதக் கூடாது!"

"சரிங்க. அப்ப அதை விட்டுடுங்க" என்று அவள் இரண்டாவது காகிதத்தை நீட்டினாள். "இதுல நீங்க போடுங்க."

அதில் இப்படி இருந்தது: "நோயாளியின் எதிர்ப்பையும், அறுவை மருத்துவர் கோப்பில் எழுதிய குறிப்பையும் மீறி, புதிய குழாயைக் கட்டாமல் பழைய குழாயை உருவும்படி உத்தரவிட்டது நானே. விளைவுகள் அனைத்துக்கும் நானே பொறுப்பு." கீழே கோடு. கோட்டுக்கு அடியில் அவருடைய முழுப் பதவியும் ஒரு எழுத்துக் குறையாமல், அடைப்புக்குள் பட்டங்களோடு.

கணவர் பேனாவின் மூடியைக் கழற்றி, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். மூடியை வழக்கம்போலத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இயக்குநர் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான இடங்களில் கையெழுத்துப் போட்டவர். கல்வெட்டில் போட்டிருக்கிறார், பாராட்டுப் பத்திரத்தில் போட்டிருக்கிறார், வருகைப் பதிவேட்டில் மற்றவர் கட்டத்துக்குள்ளும் நீட்டிப் போட்டிருக்கிறார். அந்தப் பேனாவை மட்டும் அவர் வாங்கவில்லை. பாம்பைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"உத்தரவு போட்டது நீங்கதானுங்களே" என்றாள் அவள். "போட்டதை எழுத்துல போட என்ன தயக்கம்? காலையில எட்டுப் பேர் முன்னாடி சொன்னீங்க. என்னை வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா? போக மாட்டேன். எடுக்க விடுவேனா? விட மாட்டேன். நாளைக்கு வர்ற குழு எங்கிட்ட வந்து நின்னா இந்தக் காகிதத்தைத்தான் காட்டுவேன். ஒண்ணு உங்க கையெழுத்தோட, இல்ல கையெழுத்து இல்லாம. எது நல்லாயிருக்கும்னு நீங்களே சொல்லுங்க."



இயக்குநர் தொண்டையைச் செருமினார். "மருத்துவ முடிவுகள்ல நான் எப்பவுமே தலையிடறதில்லை" என்று அறைக்குப் பொதுவாகச் சொன்னார். "அது டியூட்டி டாக்டரோட பொறுப்பு." திரும்பி நடந்தார். ஐந்து பேரும் பின்னால் போனார்கள். தலையாட்டிகளில் ஒருவன் வாசலில் நின்று, வாஷ்பேசினில் அவசரமாக ஒரு தடவை கையைக் கழுவிவிட்டு ஓடினான்.

எல்லோரும் டியூட்டி டாக்டரைப் பார்த்தார்கள். அவள் சம்மதப் படிவத்தை எடுத்தாள். அந்த நான்கு வரிகளைப் படித்தாள். "நாலு மணிக்கு எக்ஸ்ரே ரூம்" என்றாள். குரலில் முதல் தடவையாக ஒரு டாக்டர் இருந்தாள்.

நான்கு மணிக்கு, எக்ஸ்ரே மேசையில், மரப்பு ஊசி போட்ட வயிற்றோடு குழாய்க்காரி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கச் சொன்னார்கள். படுக்கவில்லை. டாக்டர் பழைய குழாயின் முனையையும் புதியதன் முனையையும் ஒட்டிப் பிடித்து, ஊசியால் இரண்டு தரம் குத்தி எடுத்து நூலால் கட்டினாள். மூன்று முடிச்சு.

"இழுத்துப் பாருங்க" என்றாள் குழாய்க்காரி.

இழுத்தாள்.

"இது பாசமா இழுத்தது. நல்லா இழுங்க."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு வலுவாக இழுத்தாள். முடிச்சு அசையவில்லை. குழாய்க்காரி அப்போதுதான் தலையைச் சாய்த்தாள். விலாப்பக்கத்திலிருந்து தொப்புள்பக்கம் ஏதோ நீளமாக நகர்ந்தது. வலியும் இல்லை, இல்லாமலும் இல்லை. திரையில் பழையது போகப் போகப் புதியது வந்தது. நடுவில் ஒரு நூல் அளவுகூட இடைவெளி இல்லை. புதுக் குழாயின் குறி வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றபோது டாக்டர், "வந்துடுச்சு" என்றாள். தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல இன்னொரு தரமும் சொன்னாள்.

மறுநாள் காலை குழு வந்தது. ஏழாம் படுக்கை காலியாக இல்லை. பலகை நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் வாஷ்பேசினுக்குப் பக்கத்தில், முன்னால் இல்லை. குழுத் தலைவி முதலில் கை கழுவப் போனாள். போனவள் நின்றாள். வாஷ்பேசினுக்கு மேலே ஆணியில், நோயாளிகளுக்கு மாட்டுவதைப் போலவே ஓர் அட்டை தொங்கியது. பெரிய சிஸ்டரின் கையெழுத்து: "படுக்கை எண்: மூலை. நோய்: வறட்சி. சிகிச்சை: தினமும் காலை, மாலை அரை நிமிடம் தண்ணீர்." தேதிக்கு நேரே தண்ணீர் கொடுத்தவர் கையொப்பமும் இருந்தது.

"இது என்ன?" என்றாள் தலைவி.

இயக்குநர் ஓரடி முன்னால் வந்தார். நெஞ்சு நிமிர்ந்தது. "இது எங்க மருத்துவமனை புதுசா அறிமுகப்படுத்தியிருக்கற ஒரு முன்னோடித் திட்டம்..."

"அது என் பேஷன்ட்டுங்க" என்று ஏழாம் படுக்கையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு மாசமா தண்ணி குடுக்காம, முன்னாடி பலகையை வெச்சு மறைச்சுப் போட்டுட்டாங்க. நேத்து என் வீட்டுக்காரர்தான் காப்பாத்தினார். எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்."

குழுத் தலைவி இயக்குநரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். நோட்டைத் திறந்தபடி ஏழாம் படுக்கையை நோக்கி நடந்தாள்.

குழாய்க்காரி சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை இழுத்து வைத்திருந்தாள். காலை வேளைக்கு உரியது. குழாயின் முனையில் பொருத்தி, கட்டைவிரலை மெதுவாக அழுத்தினாள். முரண்டில்லாமல் உள்ளே போயிற்று.

"உக்காருங்க" என்றாள் தலைவியிடம். "இதை முடிச்சுக்கறேன். இதுக்கு அவசரம் ஆகாது."